ஜூரியில் அமர்ந்த குடிமக்கள்



ஒருவன் குற்றம் செய்தானா, செய்யவில்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சட்டம் பயின்ற நீதிபதியிடம் மட்டும் விடாமல், ஊரிலுள்ள வணிகர், நிலக்கிழார், எழுத்தர் முதலான பொதுமக்களிடம் ஒப்படைத்த முறைக்கு ஜூரி முறை என்று பெயர். அம்முறை நம் நாட்டில் முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வழங்கி வந்தது. இன்று நம் குற்றவியல் நீதிமன்றங்களில் அது இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றி ஏன் அறிய வேண்டும் என்று சிலர் வினவலாம். மறைந்துபோன அம்முறை எழுப்பிய கேள்விகள் மறையவில்லை என்பதே அதற்கு விடை. நம்மைத் தீர்ப்பிடுவோர் யார்? அவர்கள் நம் மொழி அறிந்தவர்களா? நம் சொல் அவர்கள் செவியில் எவ்வாறு சென்று சேர்கிறது? தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழர்க்கு இக்கேள்விகள் ஏட்டுக் கேள்விகள் அல்ல. பாலக்காட்டு எல்லையில் பெருமாட்டி, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி முதலிய ஊர்களில் வாழ்வோரும், இடுக்கி மலைத்தோட்டங்களில் உழைப்போரும், தில்லியிலும் மும்பையிலும் குடியேறியோரும் என்றேனும் ஒரு நாள் நீதிமன்றப் படியேறினால் முதலில் எழும் கேள்விகள் இவையே.

ஊரார் கூடி வழக்குத் தீர்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. அரசமரத்தடியும் அம்பலமும் அதற்குச் சாட்சி. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுத்த விதத்தை விரிவாகக் கூறுகிறது. முப்பத்தைந்து வயது நிரம்பியவராகவும் எழுபதைத் தாண்டாதவராகவும் இருக்க வேண்டும்; சொந்த நிலமும் மனையும் வேண்டும்; முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை என்பன அதன் விதிகளுள் சில. ஆயினும் இதனை ஜூரி என்று சொல்லிப் பெருமைப்படுவது பொருந்தாது. அது ஓர் அந்தணர் ஊரின் ஆட்சிச் சபை. ஊர்ப் பஞ்சாயத்து, வழக்கையும் விசாரிக்கும்; விதியையும் கூறும்; தண்டனையும் விதிக்கும். ஜூரியின் வேலை அதனினும் குறுகியது. நடந்தது என்ன என்று மட்டுமே அது சொல்லும். சட்டம் என்ன என்பதையும் தண்டனை எவ்வளவு என்பதையும் நீதிபதியே சொல்வார். இந்த வேலைப் பங்கீடுதான் ஜூரி முறையின் உயிர்நாடி.

இம்முறை இங்கிலாந்தில் வளர்ந்தது. அங்கும் ஜூரர்களின் சுதந்திரம் எளிதில் கிட்டவில்லை. 1670-இல் வில்லியம் பென் என்னும் குவேக்கர் சமயத்தவர் லண்டன் தெருவில் சொற்பொழிவாற்றியதற்காக விசாரிக்கப்பட்டார். அவரைக் குற்றவாளி என்று கூற ஜூரர்கள் மறுத்தனர். அவர்களை உணவின்றி அடைத்துவைத்தும் அவர்கள் மனம் மாறவில்லை. முடிவில் அவர்களுக்கே அபராதம் விதிக்கப்பட்டது. புஷெல் என்ற ஜூரர் அதனைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றார். தாம் மனமார நம்பிக் கூறிய தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டித்தல் ஆகாது என்று தலைமை நீதிபதி வாகன் முடிவு கூறி அவரை விடுவித்தார்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஜூரி முறை நம் சென்னைக்கு வந்துவிட்டது. 1665-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் அசென்ஷியா டாஸ் என்ற மாது, தன் அடிமைப் பெண்ணைக் கொன்றாள் என்று குற்றம் சாட்டப்பட்டாள். கோட்டையில் இருந்த கம்பெனி அதிகாரிகளுக்கு அவளை விசாரிக்கும் அதிகாரம் தமக்கு உண்டா என்பதே ஐயமாயிருந்தது. லண்டனுக்கு எழுதிக் கேட்டனர். பின்னர் தலைவர் ஜார்ஜ் பாக்ஸ்கிராப்ட் முன்னிலையில் ஜூரி கூட்டி விசாரணை நடந்தது. சட்டம் தெரிந்தவர் ஒருவரும் அங்கு இல்லை. முடிவில் அவள் விடுதலை பெற்றாள். இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய முதல் ஜூரி விசாரணை இதுவே என்பர். இறந்துபோன பெண்ணின் இனத்தவர் எவரும் அந்த ஜூரியில் அமரவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. யாருக்காக யார் தீர்ப்புச் சொல்வது என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

அக்கேள்வி பதினெட்டாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1775-இல் கல்கத்தாவின் சுப்ரீம் கோர்ட்டில் மகாராஜா நந்தகுமார் பொய்ப்பத்திரம் புனைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். தலைமை நீதிபதி இம்பே முன்னிலையில் ஐரோப்பிய ஜூரர்கள் அவரைக் குற்றவாளி என்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். அக்குற்றத்துக்கு அந்நாளைய இந்தியர் எவரும் மரண தண்டனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1826-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரும் ஜூரியில் அமரலாம் என்றது. ஆனால் ஒரு முள்ளையும் உடன் வைத்தது. கிறிஸ்தவர் ஒருவர் மீது வழக்கு நடந்தால் இந்துவோ முஸ்லிமோ ஜூரியில் அமரலாகாது. பெரிய ஜூரியில் கிறிஸ்தவரே அமரலாம். இந்துவின் வழக்கில் கிறிஸ்தவர் அமர்வதற்கோ தடையில்லை. இந்த இழிவை எதிர்த்து ராஜா ராம்மோகன் ராய் முதலானோர் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு மனுச் செய்தனர். 1832-இல் அத்தடை நீங்கியது. எனினும் 1884-இல் வேறு வடிவில் வேற்றுமை திரும்பியது. இல்பர்ட் மசோதாவை எதிர்த்து ஐரோப்பியர் எழுப்பிய கூச்சலுக்கு அரசு இணங்கியது. ஐரோப்பியர் ஒருவர் மீது வழக்கு வந்தால் ஜூரியில் பாதிப்பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு வழங்கப்பட்டது. அத்தகைய உரிமை இந்தியருக்கு இல்லை.

தலைநகரங்களில் மட்டும் இருந்த ஜூரி முறையை மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றங்களுக்கும் விரிக்க வழி வகுத்தது 1861-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம். எந்த மாவட்டத்தில், எந்தக் குற்றங்களுக்கு ஜூரி என்பதை மாகாண அரசே அறிவிக்கும். நம் சென்னை மாகாணத்தில் திருட்டு, கொள்ளை போன்ற பொருட்குற்றங்களுக்கே பெரும்பாலும் ஜூரி கூட்டினர். கொலை போன்ற பெருங்குற்றங்களில் அஸெஸர்கள் எனப்படும் துணைவர் அமர்ந்தனர். அவர்கள் கருத்துக் கூறலாம். நீதிபதி அதனைக் கொள்ளவும் செய்யலாம், தள்ளவும் செய்யலாம். ஜூரரின் சொல்லுக்கு இருந்த வலிமை அஸெஸரின் சொல்லுக்கு இல்லை. அஸெஸர் முறை 1955-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒழிந்தது. அந்நாளில் பெருமாட்டி உள்ளிட்ட சித்தூர் வட்டம் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. பக்கத்துப் பாலக்காடோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆதலால் சில மைல் நடந்தால் ஒரு சட்டத்தின் எல்லையிலிருந்து மற்றொரு சட்டத்தின் எல்லைக்குப் போய்விடலாம்.

1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜூரி எவ்வாறு இயங்கியது என்பதையும் காண்போம். இருபத்தொன்று முதல் அறுபது வயது வரையுள்ள ஆண்களின் பெயர்கள் பட்டியலில் ஏறும். சம்மன் வந்தால் வந்தாக வேண்டும். தக்க காரணமின்றி வராதவர்க்கு நூறு ரூபாய் வரை அபராதம். உயர்நீதிமன்றத்தில் ஒன்பதின்மரும், செஷன்ஸ் நீதிமன்றத்தில் அரசு வகுத்த ஒற்றைப்படை எண்ணிக்கையினரும் அமர்வர். சீட்டுக் குலுக்கி ஒவ்வொருவராய் அழைப்பர். குற்றம் சாட்டப்பட்டவர் "இவர் வேண்டாம்" என்று ஆட்சேபிக்கலாம். உயர்நீதிமன்றத்தில் காரணம் கூறாமலே எண்மர் வரை விலக்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. சாட்சிகளும் வாதங்களும் முடிந்தபின் நீதிபதி வழக்கின் சாரத்தைத் தொகுத்துரைப்பார். பின்னர் ஜூரர்கள் தனியறைக்குச் சென்று கலந்து பேசி முடிவு கூறுவர்.

அச்சட்டத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என் கருத்தைக் கவர்ந்த விதி ஒன்று உண்டு. சாட்சியம் எந்த மொழியில் சொல்லப்படுகிறதோ அந்த மொழியோ, மொழிபெயர்க்கப்பட்டால் பெயர்க்கப்படும் மொழியோ தெரியாதவரை ஜூரியிலிருந்து விலக்கலாம் என்பதே அது. காது கேளாதவர் எவ்வாறு ஜூரராக அமர இயலாதோ அவ்வாறே மொழி தெரியாதவரும் அமர இயலாது என்று சட்டமே ஒப்புக்கொண்டது. விதி நல்ல விதி. ஆனால் சொல்லின் சுமையை விதி மட்டும் தாங்காது. "நியாயமான ஐயம்" என்ற தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயம் எவருக்கும் எதிலும் எழலாம். எது நியாயமான ஐயம்? சாட்சியத்திலிருந்து பிறந்து, அறிவுடைய ஒருவர் தம் சொந்தக் காரியத்தில் தயங்கி நிற்கும் அளவுக்கு வலிமையுள்ள ஐயமே நியாயமான ஐயம். இன்னொன்று: ஜூரி "குற்றவாளி அல்ல" என்று கூறுவதைச் செய்தித்தாள்கள் "நிரபராதி" என்று பெயர்ப்பது வழக்கம். இரண்டும் ஒன்றன்று. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது முதலாவதின் பொருள். குற்றமே செய்யவில்லை என்பது இரண்டாவதின் பொருள். ஜூரியைக் கேட்டது முதற்கேள்வி மட்டுமே.

ஜூரியில் யார் அமர்கிறார்கள் என்பது தீர்ப்பை எப்படி மாற்றும் என்பதற்கு லோகமான்ய திலகரின் வழக்குகளே சான்று. 1897-இல் பம்பாயில் அவர் மீது நடந்த ராஜத்துரோக வழக்கில் ஐரோப்பிய ஜூரர் அறுவரும் குற்றவாளி என்றனர்; இந்திய ஜூரர் மூவரும் குற்றவாளி அல்ல என்றனர். பதினெட்டு மாதச் சிறை கிடைத்தது. 1908-இல் மீண்டும் ஒன்பதின்மர் அமர்ந்தனர். ஐரோப்பியர் எழுவர், பார்சிகள் இருவர். எழுவர் குற்றவாளி என்றனர், இருவர் மறுத்தனர். நீதிபதி தாவர் ஆறாண்டு நாடுகடத்தல் விதிக்க, திலகர் மாண்டலே சென்றார். அவர் எழுதியது மராத்தியில். அதன் ஆங்கிலப் பெயர்ப்பைக் கொண்டே பெரும்பான்மை ஜூரர் முடிவு செய்தனர். பெயர்ப்பு சரியன்று என்று திலகர் தம் நீண்ட வாதத்தில் எடுத்துக்காட்டினார், பயனில்லை.

தமிழ்நாட்டில் ஜூரி என்றவுடன் முதியோர்க்கு நினைவு வருவது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. "சினிமா தூது", "இந்து நேசன்" என்னும் பத்திரிகைகளை நடத்திய லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். தமிழ்த் திரையுலகின் முடிசூடா மன்னராயிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும், சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைத்த என்.எஸ். கிருஷ்ணனும், கோயம்புத்தூர்ப் படமுதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாயினர். உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஒன்பது ஜூரர்கள் அமர்ந்தனர். 1945 மே மாதம் நாயுடு விடுதலையானார். மற்ற இருவரையும் அறுவர் குற்றவாளிகள் என்றனர். மூவர் அல்ல என்றனர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் தெரிந்த முகங்களை, அவர்கள் பாட்டையும் நடிப்பையும் கண்ட ஊராரே தீர்ப்பிட்ட வழக்கு அது. மூவர் ஐயுற்றும் அறுவரின் சொல்லே வென்றது.

அத்துடன் வழக்கு முடிந்திருக்கும். உயர்நீதிமன்ற ஜூரியின் முடிவை நிகழ்ச்சி விவரங்களின் அடிப்படையில் எதிர்த்து மேல்முறையீடு செய்ய வெகுகாலம் இடமே இல்லை. 1943-ஆம் ஆண்டில்தான் ஒரு திருத்தம் அவ்வழியைத் திறந்தது. அதனைக் கொண்டு இருவரும் முறையிட்டனர். முதலில் அது தள்ளப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டை மீண்டும் கேட்குமாறு சென்னைக்கே அனுப்பியது. 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் சாட்சியம் நம்பத்தக்கதன்று என்று கண்டு இருவரையும் விடுவித்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. பாகவதரின் பழைய புகழ் திரும்பவே இல்லை. இருவருக்கும் மீட்சி அளித்தது நான்காண்டுகளுக்கு முன் புகுந்த ஒரு சட்டப்பிரிவு. சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு இருப்பதும் இல்லாததும் ஒரு மனிதனின் வாழ்வாகவும் தாழ்வாகவும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

1959-இல் பம்பாயில் நடந்த கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கு இந்தியா முழுவதையும் உலுக்கியது. தம் மனைவியுடன் தொடர்பு வைத்திருந்த பிரேம் அஹூஜாவை ஏப்ரல் 27-ஆம் நாள் அவர் சுட்டுக் கொன்றார். பத்திரிகைகள் அவருக்காகப் பரிந்து எழுதின. நீதிமன்ற வாயிலில் மக்கள் திரண்டனர். ஜூரியில் எண்மர் குற்றவாளி அல்ல என்றனர். ஒருவர் மட்டுமே மறுத்தார். அம்முடிவு அறிவுக்குப் பொருந்தாது என்று கருதிய செஷன்ஸ் நீதிபதி, சட்டம் தமக்கு அளித்த அதிகாரப்படி வழக்கை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1960 மார்ச்சில் உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு அதனை உறுதி செய்தது. 1964-இல் அவருக்கு மன்னிப்பு கிடைத்தது.

நானாவதி வழக்கோடு இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்தது என்று பலர் எழுதுகின்றனர், பேசுகின்றனர். அது சரியன்று. அவ்வழக்கிற்கு ஓராண்டு முன்னரே, 1958-இல், மோதிலால் செதல்வாட் தலைமையில் அமைந்த முதற் சட்டக் கமிஷன் ஜூரி முறையை நீக்கப் பரிந்துரைத்துவிட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாய் அதனைக் கைவிட்டன. வங்காளத்தில் அது மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. 1973-ஆம் ஆண்டின் புதிய குற்ற விசாரணை முறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அதில் ஜூரிக்கு இடமே இல்லை. பார்சி சமூகத்தாரின் திருமண வழக்குகளில் மட்டும் அச்சமூகப் பிரதிநிதிகள் நீதிபதியுடன் அமர்ந்து முடிவு கூறும் மரபு எஞ்சியது.

அண்டையிலுள்ள இலங்கையில் வரலாறு வேறு வழியிற் சென்றது. அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் என்னும் நீதிபதியின் முயற்சியால், இந்தியருக்கு 1826-இல் கிட்டிய உரிமை அங்குள்ள மக்களுக்கு 1811 வாக்கிலேயே கிட்டியது. இன்றும் உயர் நீதிமன்றத்தில் எழுவர் கொண்ட யூரர் சபை உண்டு. எழுவரில் ஐவரேனும் உடன்பட வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளுக்குத் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. எந்த மொழிப் பட்டியலிலிருந்து ஜூரி வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவர்க்கே. குற்றம் சாட்டப்பட்டவர் தமிழராயின் இது பெரும் பாதுகாப்பு. பாதிக்கப்பட்டவர் தமிழராயின் நிலை தலைகீழாகும். 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில், அவர் தரப்பு வழக்கறிஞர்கள் ஜூரி விசாரணையை எதிர்த்தனர். எனினும் சிங்களம் பேசும் ஜூரியே அமர்ந்தது. 2016 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. மொழி ஒருவர்க்கு அரணாகவும் மற்றொருவர்க்குச் சுவராகவும் ஆகும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. நம்மவர் பெருவாரியாக வாழ்ந்த மலேயாவும் சிங்கப்பூரும் இம்முறையைக் கைவிட்டன. சிங்கப்பூர் 1969-இல், மலேசியா 1995-இல். இங்கிலாந்திலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியுரிமை பெற்ற தமிழர்க்கோ ஜூரர் சம்மன் இன்றும் வரலாம். வந்தால் செல்வது அவர்கள் கடமை.

இனி நம் நாட்டில் நமக்கு எஞ்சியிருப்பன யாவை என்று காண்போம். முதலாவது, சாட்சியாகும் கடமை. போலீசார் ஒரு வீட்டைச் சோதனையிடும்போது அக்கம்பக்கத்தில் உள்ள மதிப்புக்குரிய இருவரை உடன் அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி பழைய சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. அழைக்கப்பட்டவர் தக்க காரணமின்றி மறுத்தல் குற்றமாகும். "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குவது நம்மிடையே பெருவழக்கு. புலம்பெயர்ந்த ஊரில் அது இன்னும் மிகுதி. ஆனால் அங்கே கையெழுத்திடுவோர் எழுதப்பட்டிருப்பதைப் படித்தோ, படிக்கச் சொல்லிக் கேட்டோ அறிந்த பின்னரே இட வேண்டும். தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திடுவது, சாட்சியம் புரியாமல் ஜூரியில் அமர்வதை ஒக்கும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பெறும் உரிமை. குற்றம் சாட்டப்பட்டவர்க்குத் தெரியாத மொழியில் சாட்சியம் கூறப்பட்டால், அவர் அறிந்த மொழியில் அதனை நீதிமன்றத்திலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இது நீதிபதியின் கருணை அன்று; குடிமகனின் உரிமை. கேரளத்தில் வாழும் தமிழர்க்கு இன்னொன்றும் உண்டு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த வழி செய்துள்ளது. உரிமை ஏட்டில் இருப்பதால் மட்டும் பயனில்லை. கேட்பவர் இல்லாத உரிமை, இறைப்பவர் இல்லாத கிணறு.

மூன்றாவது, ஊரின் சபை. 2003-இல் பெருமாட்டிப் பஞ்சாயத்து, பிளாச்சிமடையில் இயங்கிய குளிர்பானத் தொழிற்சாலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் யாருக்குரியது என்ற வழக்கு அதிலிருந்து எழுந்து, மேல் நீதிமன்றங்கள் வரை சென்றது. ஊரார் கூடி முடிவெடுப்பது இன்றும் பொருளற்றதாகிவிடவில்லை என்பதற்கு அது சான்று.

இச்சபைகளில் அமர்வோர்க்கும் ஜூரரின் ஒழுக்கமே வேண்டும். வீட்டில் கேட்ட பேச்சையும் செய்தித்தாளில் படித்த கதையையும் வாயிலிலேயே விட்டுவிடுதல். இருதரப்பும் பேசி முடியுமட்டும் மனத்தைத் திறந்து வைத்தல். பெரும்பான்மை எப்பக்கம் சாய்ந்தாலும் தமக்கு உண்மை என்று பட்டதைத் தயங்காமல் கூறுதல். 1945-இல் சென்னையில் ஒன்பதின்மரில் மூவர் தனித்து நின்றனர். அறுவர் சொல் அன்று வென்றது. இரண்டாண்டு கழித்து மேல் நீதிமன்றத்தின் முடிவு அம்மூவரின் பக்கமே அமைந்தது. அவர்கள் பெயர்களை இன்று எவரும் நினைவு கூர்வதில்லை. ஊராருள் ஒருவராக வந்து, தம் மனத்துக்குப் பட்டதைக் கூறிவிட்டு, மீண்டும் ஊராருள் ஒருவராகச் சென்று மறைவதே ஜூரரின் பணி.